ஐந்தாம் சக்கர டிரெய்லர்: தள அமைப்பும் இழுவையும்

ஐந்தாம் சக்கர டிரெய்லர் என்பது முன்பக்கம் சக்கரம் இல்லாத அரை டிரெய்லர். அதன் முன்முனை, இழுவை லாரியின் பின் அச்சுக்கு மேல் பொருத்திய, ஐந்தாம் சக்கரம் எனப்படும் வட்டத் தட்டில் அமர்கிறது. டிரெய்லரின் அடியில் இருக்கும் 2 அங்குலக் கிங்பின் அந்தத் தட்டின் பூட்டில் நுழைந்து மாட்டிக்கொள்ளும். எனவே டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதியை எப்போதும் லாரி சுமக்கிறது. அந்தப் பகுதி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது டிரெய்லரின் தள அமைப்பு: கிங்பின் எங்கே, அச்சுகள் எங்கே, சரக்கு எந்த இடத்தில் உட்கார்கிறது என்பவை.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இவ்வகை வண்டிகளை அன்றாடம் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் படிவத்தை நம்பி ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தளவாய், கீழப்பழுவூர் எனப் பல ஊர்களில் சிமென்ட் ஆலைகள் எழுந்தன. அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979 முதல் இயங்குகிறது. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல்லைக் கொண்டுவருபவை பெரும்பாலும் டிப்பர்கள். தூள் சிமென்ட்டும் அனல்மின் நிலையச் சாம்பலும் பல்கர் எனப்படும் தொட்டி டிரெய்லரில் போகின்றன. மூட்டையும் இரும்பும் தட்டையான டிரெய்லரில் ஏறுகின்றன. பெரம்பலூரைத் தொட்டுச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இவை எல்லாவற்றையும் வரிசையாகக் காணலாம்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் இயக்கவியல் புதிதல்ல. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். டிரெய்லரில் கழுத்தின் இடத்தில் கிங்பின் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கிங்பின்னுக்கும் பின்னால் உள்ள மூன்று அச்சுத் தொகுதியின் நடுவுக்கும் இடையே 7.5 மீட்டர் என்று கொள்வோம். சரக்கு 30 டன், அதாவது 50 கிலோ மூட்டைகள் 600. சரக்கின் பார மையம் அச்சு நடுவுக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால் கிங்பின்னில் 8 டன்னும் அச்சுகளில் 22 டன்னும் இறங்கும். அதே மூட்டைகளை 1 மீட்டர் பின்னால் தள்ளி அடுக்கினால் கிங்பின்னில் 4 டன்தான் மிஞ்சும்; அச்சுகளில் 26 டன் ஏறும். 1 மீட்டர் முன்னால் அடுக்கினால் 12, 18 என்று மாறும். ஒரு மூட்டைகூடக் கூடவில்லை, குறையவில்லை.

2018 ஜூலையில் மத்திய அரசு உயர்த்திய அச்சு எடை வரம்பின்படி லாரியின் முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் பூட்டிய பின் அச்சுக்கு 11.5 டன், டிரெய்லரின் மூன்று அச்சுத் தொகுதிக்கு 27 டன். ஆக மொத்தம் 45.5 டன். மேலே சொன்ன 30 டன்னோடு டிரெய்லரின் சொந்த எடை சுமார் 7 டன், லாரியின் எடை ஆறேழு டன் சேர்ந்தாலும் மொத்தம் வரம்புக்குள்தான் நிற்கும். ஆனால் சரக்கைப் பின்னால் தள்ளினால் டிரெய்லரின் எடையில் அச்சுகளுக்கு விழும் பங்கும் சேர்ந்து 27 டன் தாண்டிவிடும். முன்னால் தள்ளினால் லாரியின் பின் அச்சு 11.5 டன்னைத் தாண்டும். வண்டி முழுவதையும் ஒன்றாக ஏற்றி நிறுக்கும் எடைமேடை இரண்டையும் காட்டாது. டயர் தேய்வதற்கும் சாலை குழிவிழுவதற்கும் பழி மொத்த எடையின் மேல் போகிறது. அடுக்கிய இடத்தை யாரும் கேட்பதில்லை. டிரெய்லர் கட்டும்போதே பார மையம் நிற்க வேண்டிய இடத்தைப் பக்கவாட்டில் வண்ணக்கோடாகப் போட்டுவிடுவது சல்லிச் செலவில் முடியும் காரியம். அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பின்பாரத்தின் ஆபத்து ஓட்டும்போதுதான் தெரியும். கிங்பின்னில் அழுத்தம் குறைந்தால் லாரியின் இயக்கு சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். மழை பெய்த கரிசல் மண்ணில், கட்டுமான இடத்துக்குள் திரும்பும்போது சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஈரச் சாலையில் சட்டென்று பிரேக் போட்டால் லாரி ஒரு பக்கமும் டிரெய்லர் ஒரு பக்கமும் மடங்கும் வாய்ப்பும் கூடும். முன்பாரம் மிஞ்சினாலோ பின் அச்சின் பட்டைகளும் டயர்களும் தாங்க முடியாமல் தவிக்கும்.

பல்கரில் சரக்கை அடுக்கும் வேலை ஓட்டுநரிடம் இல்லை. தொட்டியின் வடிவமே அதை முடிவு செய்கிறது. நடுப்பகுதி கீழே தாழ்ந்த தொட்டியில் தூள் நடுவில் திரள்வதால் பார மையமும் தாழ்கிறது; வளைவில் குடைசாயும் அபாயம் குறைகிறது. கம்ப்ரசர் காற்றைச் செலுத்தித் தூளைக் குழாய் வழியே இறக்குவார்கள். அறை பிரித்த தொட்டியில் முன் அறையை மட்டும் காலி செய்துவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பினால் பாதிச் சரக்கு வண்டியும் பின்பார வண்டியாகிவிடும். பாதி இறக்க வேண்டியிருந்தால் பின் அறையிலிருந்து தொடங்குவதே நல்லது. நாமக்கல் பகுதியிலிருந்து ஓடும் எரிவாயு டேங்கர்களுக்கு வேறொரு சிக்கல்: திரவம் அலையடிக்கும். அதை அடக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள்.

பெரம்பலூர் அருகே நாரணமங்கலத்தில் உள்ள எம்.ஆர்.எஃப். ஆலையின் டயர்கள் சிமென்ட்டுக்கு நேர் எதிர். எடை வரம்பை எட்டுமுன் இடம் நிறைந்துவிடும். தளம் முழுக்கப் பரவிய சரக்கில் கிங்பின் பாரம் தானாகவே ஒழுங்காக அமையும். உயரமும் பக்கக் காற்றும்தான் கவனிக்க வேண்டியவை.

வட அமெரிக்காவில் இதே இணைப்பில் பிக்கப் வண்டிகள் வீட்டு டிரெய்லர்களை இழுக்கின்றன. அங்கே அடுப்படி, குளியலறை, வெளியே நீளும் அறை, தண்ணீர்த் தொட்டி எங்கே அமைகின்றன என்பதைப் பொறுத்துக் கிங்பின் பாரம் மொத்த எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை மாறும். பின்பக்கம் மோட்டார் சைக்கிள் நிறுத்தும் கூடம் உள்ள வகையில், கூடம் காலியாக இருக்கும்போதுதான் கிங்பின் பாரம் அதிகம்.

டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போதும் தள அமைப்பு தன்னைக் காட்டும். கிங்பின் சுமந்த பாரம் முன்னால் உள்ள தாங்குகால்களுக்கு மாறுகிறது. முன்பார டிரெய்லரின் கால்கள் இளகிய மண்ணில் புதைந்துவிடும். லாரி திரும்பி வந்து மாட்டும்போது தட்டின் உயரத்துக்குக் கிங்பின் வராது. அதனால் கால்களுக்கு அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட்ட பிறகே கிங்பின் பூட்டைத் திறக்க வேண்டும்.