விபத்திலிருந்து மீள்வோருக்குத் தொடுதல்வழிச் செவிலியப் பராமரிப்பு

சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உயிர் காக்கப்பட்டபின் வரும் வாரங்கள் பலருக்குக் கட்டிலிலேயே கழிகின்றன. அக்காலத்தில் நோயாளியை மிகுதியும் தொடுபவர்கள் மருத்துவமனையில் செவிலியர். வீடு திரும்பிய பின்னர் நீங்கள். எவ்வாறு தொட வேண்டும், எப்போது தொடவே கூடாது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

தொடுதல் என்ன செய்யும்?

உரோமமுள்ள தோலில் மென்மையான வருடலை உணர்வதற்கென்றே நுண்ணிய நரம்பிழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான மெதுவான வேகத்திலேயே இவை நன்கு தூண்டப்படுகின்றன. எனவே முன்கையையோ முதுகையோ உள்ளங்கையால் மெல்ல வருடினால் போதும். அழுத்திப் பிசைய வேண்டியதில்லை. பதற்றமும் வலியும் சற்றுத் தணியக்கூடும். எலும்பு விரைவாகக் கூடாது. மருந்துக்கு இது மாற்றும் அன்று.

நோயாளியைத் தொடாமலேயே கைகளை அசைத்து அவரது ‘ஆற்றல் புலத்தை’ச் சீராக்குவதாகக் கூறும் முறை வேறு. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1998இல் வெளியான எமிலி ரோசா என்னும் சிறுமியின் சோதனையில், தங்கள் இரு கைகளில் எதன் அருகே அவளது கை உள்ளது என்பதை, அம்முறையைப் பயின்ற 21 பேர் காணாமல் கூற வேண்டியிருந்தது. 280 முயற்சிகளில் 44 விழுக்காடே சரியாக அமைந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலும் பாதியளவு சரியாக வந்திருக்கும்.

தொடுவதற்கு முன்

விபத்தின் அதிர்ச்சி நீங்காதவர் எதிர்பாராத தொடுகையால் திடுக்கிடுவார். பின்புறமாக வந்து தொடாதீர்கள். முகம் தெரியும்படி நின்று, பெயர் சொல்லி அழைத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கூறி, அவரது சம்மதத்தைப் பெறுங்கள். பேச இயலாதவரிடமும், நினைவு தெளியாதவரிடமும் இவ்வாறே கூறுதல் வேண்டும். கைகளைக் கழுவி, மோதிரம், வளையல்களைக் கழற்றி, உள்ளங்கைகளைத் தேய்த்து வெதுவெதுப்பாக்கிக் கொள்ளுங்கள். தலைக்காயத்தால் குழப்பத்தில் இருப்பவரைப் பலர் சூழ்ந்து தொடுவது அவரை மேலும் கிளர்ச்சியடையச் செய்யும். ஒருவர் மட்டும் அருகில் இருப்பது நன்று. முகம் சுளித்தாலோ கையை இழுத்துக்கொண்டாலோ உடனே நிறுத்துங்கள்.

தேய்த்தல் தீங்காகும் இடங்கள்

கால் வீங்கியிருந்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். நெடுநாள் அசையாதிருந்தவருக்கு இது உயிராபத்தாகலாம். கெண்டைக்காலில் வீக்கம், வலி, சூடு ஆகியன, குறிப்பாக ஒரு காலில் மட்டும் தோன்றினால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நீவும்போது அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்துவிடலாம். அக்காலைத் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் 108ஐ அழையுங்கள்.

அடிபட்ட முழங்கையை உருவிவிடுதலும் தவறு. மூட்டைச் சுற்றிய தசையில் எலும்பு வளர்ந்து, கை நிரந்தரமாக மடங்காமல் போகக்கூடும். இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் அசைவுகள் மட்டுமே போதுமானவை.

குதிகால், இடுப்பின் பின்பகுதி போன்ற எலும்பு துருத்திய இடங்களில் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மறைந்து மீளாமல் அப்படியே இருப்பின், அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம்மில் பலரது நிறத்தில் சிவப்பு எளிதில் புலப்படாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கடினமாகவோ உள்ளதா என்று புறங்கையால் தடவிப் பாருங்கள். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள், அந்தப் பக்கம் பளு விழாதவாறு படுக்க வையுங்கள். தானே புரள இயலாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்ப வேண்டும். தண்டுவடக் காயமுற்றவராயின், தலை, கழுத்து, உடல் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு பலர் சேர்ந்து திருப்பும் முறையை, வீடு திரும்புமுன்பே செவிலியரிடம் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் தேவைப்படுவோர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ்ப் பயன்பெற, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.