ஆழ்மூளைக் கட்டியும் அதனை அடைந்த வழிகளும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பர் நம் முன்னோர். அச் சிரசினுள் மூளையைச் சவ்வுகளாற் போர்த்தி, என்புப் பேழையுள் வைத்துக் காத்துளது இயற்கை. காக்கும் அச் சவ்வுகளிலேயே தோன்றி மூளையை நெருக்குங் கட்டியொன்றுண்டு. அதற்கு 1922இல் மெனிஞ்சியோமா என்று பெயரிட்டவர் அமெரிக்க நிபுணர் ஹார்வி குஷிங். நாம் அதனை மூளையுறைக் கட்டி என்போம். இது பெரும்பாலும் புற்றுநோயன்று; மெல்ல வளர்வது; முற்றாக அகற்றப்படின் நோயாளி நெடுங்காலம் நலமுற வாழ்தல் கூடும். ஆயின், கண்ணரம்பும் மூளைக்குச் செல்லும் பெரிய நாடிகளும் மூளைத்தண்டும் நெருங்கிக் கிடக்கும் கபால அடித்தளத்தில் அது வேரூன்றின் அதனை அடைவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை தேடிய வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1879ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மக்கியூவன் என்பார் ஓர் இளம்பெண்ணின் நெற்றிப்புறத்துக் கட்டியை அகற்றி அவளைப் பிழைப்பித்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்படாத காலம் அது. 1884இல் உரோமாபுரியில் பிரான்செஸ்கோ துராந்தே, மணமறியும் ஆற்றலை இழந்த பெண்ணொருத்தியின் முன்மூளைக்குக் கீழிருந்த கட்டியை எடுத்தார். எனினும் ஆழத்திற் செல்ல விரும்பினோரைக் குருதிப்பெருக்குத் தடுத்தது. குஷிங் 1911இல் சிறு வெள்ளிக் கவ்விகளையும், 1926இல் போவி என்னும் விஞ்ஞானி அமைத்த மின்கருவியையும் கையாண்டு அத்தடையைக் குறைத்தார். 1927இல் போர்த்துக்கேயரான எகாஸ் மொனிஸ் மூளை நாடிகளைப் படம்பிடிக்கும் முறையை வகுத்தார். கட்டியை ஊட்டும் நாடி எதுவென முன்னரே அறிதல் இதனாற் கைகூடிற்று.

1957இல் டொனால்ட் சிம்சன் ஓர் உண்மையை நிறுவினார். கட்டியோடு அது பற்றியிருந்த சவ்வையும் என்பையும் எவ்வளவு நீக்குகின்றோமோ அவ்வளவிற்கு அது மீள வளர்தல் குறையும் என்பதே அது. வேரை அணுகாது கிளையை வெட்டிப் பயனில்லை என்பதாயிற்று. ஆனால், வேரை அணுக மூளையை இழுத்து ஒதுக்கின் மூளையே ஊறுபடும். எனவே, மூளையை அசைப்பதினும் என்பை அகற்றுவதே நன்று என்னும் கொள்கை வலுப்பெற்றது. சூரிச் நகரின் யாசர்கில், நுண்நோக்கியின் துணையோடு, கன்னப்பொறியருகே என்பைக் குடைந்து மூளை மடல்களின் இயற்கைப் பிளவு வழியே அடித்தளத்தை அடைந்தார். 1985இல் ஜப்பானியரான கவாசே நாடிவீக்கமொன்றினை அணுகச் செவியென்பின் முனையைக் குடைந்த வழி, பின்னர் மூளைத்தண்டின் முன்னுள்ள கட்டிகளுக்கும் உதவிற்று. எவ்வழிச் செல்லினும் முறை ஒன்றே: முதலிற் குருதியூட்டத்தை அறுத்தல், அடுத்து நடுவைக் குடைந்து வெறுமையாக்குதல், இறுதியிற் சுருங்கிய ஓட்டை நரம்புகளினின்றும் மெல்லப் பிரித்தல். பிரியாது ஒட்டிய எச்சத்தை விட்டுவைத்துக் கதிர்வீச்சால் அடக்குவதே இன்றைய விவேகம்.

இக்கலை நம் நாட்டை எய்தியதும் அறியத்தக்கது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867இல் இரண வைத்தியம் என்னும் நூலைத் தமிழிற் தந்தார். ஆயினும் மூளைச் சத்திரசிகிச்சை நெடுங்காலம் தொலைவிலேயே நின்றது. வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னையில் பா. இராமமூர்த்தி 1950இலும் அதனைத் தொடங்கினர். கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் ஷெல்ரன் கப்ரால் 1956இல் தனிப்பிரிவை ஆரம்பித்தார். அதே ஆண்டில் யாழ்தேவியும் ஓடத் தொடங்கிற்று. கிளிநொச்சியினின்றும் வவுனியாவினின்றும் தலைநகர் வைத்தியத்தை நாடியோருக்கு அப்புகையிரதமும் ஒரு வழியாயிற்று. 1990இல் வவுனியாவிற்கு வடக்கே அவ்வழி அறுந்தது. 2013இலேயே புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. கபாலத்துள் வழி காண்பது நிபுணர் கடன். நிபுணரிடம் நோயாளி செல்ல வழி காண்பது சமுதாயத்தின் கடன். முன்னையது கைகூடியும் பின்னையது இல்லையேற் பயனென்னை?

ஆதலின், வன்னி மாணாக்கர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு கண்ணின் பார்வை சிறிது சிறிதாக மங்குதல், மணமறியாமை, முதிர்ந்த வயதிற் புதிதாகத் தோன்றும் வலிப்பு, விடியலில் வாந்தியோடு வருந் தலைவலி ஆகியவற்றை மூப்பென்றும் கண்ணூறென்றும் தள்ளிவிடல் ஆகாது. நரம்பு முற்றாக நலிந்தபின் எத்துணைத் திறமையான கையும் இழந்த பார்வையை மீட்டுத் தருதல் அரிது. மெல்ல வளரும் இந்நோய் நமக்குக் காலம் தருகின்றது. அக்காலத்தை வீணாக்காமையே அறிவுடைமை.