உம்மம்மாவின் கிதாபும் நூலகப் பட்டியலும்

எங்கட உம்மம்மாவுக்குத் தமிழெழுத்து தெரியாது. ஆனால் மஃரிபுக்குப் பிறகு அறபுத்தமிழ்க் கிதாபை விரித்து வைத்து வாசிப்பா. அயல்வீட்டுப் பெண்கள் வந்திருந்து கேட்பார்கள். அவவை எழுத்தறியாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஓதப்போகும் பிள்ளை முதலில் படித்தது அறபெழுத்தைத்தான். அதே எழுத்தில் தமிழை எழுதும்போது, அறபில் இல்லாத ‘ப’, ‘ட’, ‘ள’ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) ‘பத்ஹுத் தய்யான்’ போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் கடலின் இரு கரையிலும் வாசிக்கப்பட்டன. பள்ளிக்கூடம் காணாத பெண்களுக்கும் நூலறிவு கிடைத்தது இந்த வழியால்தான்.

நூலகத்துக்குள் போனால் கதை வேறு. நமது நூலகங்கள் பலவும் கையாளும் தசமப் பகுப்பை 1876இல் வெளியிட்டவர் அமெரிக்கரான மெல்வில் டூயி. அதில் சமயத்துக்குரிய எண் 200. 220 முதல் 280 வரையான பிரிவுகள் பைபிளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் உரியவை. இஸ்லாம் முழுவதும் 297 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கவேண்டும். அந்த எண்ணைத் தசமப் புள்ளி வைத்து விரித்துக்கொள்ளலாம் என்பதால் இடநெருக்கடியைச் சமாளிக்கலாம். மொழியைப் பிழையாகப் பதிந்தால் அப்படிச் சமாளிக்க ஏலாது.

ஒருமுறை ஒரு நூலகத்தில் அறபுத்தமிழ் நூலொன்றைத் தேடினேன். கடைசியில் அது அறபு நூல்களின் தட்டில் கிடந்தது. எழுத்தைப் பார்த்தவர் மொழியைப் பார்க்கவில்லை. அறபு தெரிந்தவர் அதை எடுத்தால் விளங்காமல் வைத்துவிடுவார். தமிழ் வாசகரோ அந்தத் தட்டுப் பக்கமே போகமாட்டார். இருந்தும் இல்லாத நூல் அது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதை நூலக விதியாகவே 1931இல் வகுத்துத் தந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். அந்த விதி நிறைவேற, நூலகருக்கு வாசகரின் பண்பாடும் தெரிந்திருக்கவேண்டும். மொழி தமிழ், எழுத்து அறபு என்று பட்டியலில் இரண்டையும் பதியலாம். தலைப்பைத் தமிழெழுத்திலும் எழுதி வைக்கலாம். வாசிக்க முடியாவிட்டால் ஊரில் ஒரு லெப்பையையோ, வயதான ஓர் உம்மாவையோ கூப்பிட்டுக் கேட்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

ஆனால் அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டு வருகிறார்கள். கேட்பதென்றால் இப்போதே கேட்கவேண்டும்.