தென்னங்கட்டையிலிருந்து செம்பனைக்கு: சிலாங்கூர்க் கடலோரத்தில் ஒரு நோய் அடையாளம் காணப்பட்ட வரலாறு

மலாயா வேளாண் துறையின் ஏ. தாம்சன், செம்பனையின் அடித்தண்டு அழுகல் நோயை 1931இல் பதிவு செய்தார். நோய் கண்ட மரங்கள் 25 வயதைத் தாண்டியவை. கோல சிலாங்கூருக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடத் தொடங்கியதே 1917இல்தான். ஆகவே தாம்சன் பார்த்தவை தோட்டத்து மரங்களாக இருந்திருக்க முடியாது. அழகுக்கோ சோதனைக்கோ அதற்கு முன்பே நட்ட பழைய மரங்கள் என்று கொள்வதே பொருந்தும். 25 வயதை நெருங்கும் செம்பனையை எப்படியும் வெட்டிவிட்டு மறுநடவு செய்வது வழக்கம். கிழட்டு மரங்களை மட்டும் தாக்கும் நோயைப் பற்றி முதலாளிகள் கவலைப்படாததில் வியப்பில்லை.

1950களின் பிற்பகுதியில் இந்தக் கணக்கு மாறியது. பத்துப் பதினைந்து வயது மரங்களே சாயத் தொடங்கின. பின்னர் ஐந்து வயதுகூட ஆகாத மரங்களிலும் நோய் தென்பட்டது. கிள்ளான், கோல லங்காட் வட்டாரக் களிமண் நிலங்களில் தென்னையை அழித்துச் செம்பனை நட்டுவந்த காலம் அது. நோயை உண்டாக்கும் கனோடெர்மா என்ற பூஞ்சை பழையதுதான், அதன் கைக்கு எட்டும் இடத்தில் இளம் மரங்களைக் கொண்டுபோய் வைத்தது புதிது.

எஸ். நவரத்தினம் 1961இல் மலாயா வேளாண் இதழில் வெளியிட்ட சோதனை இந்த வரலாற்றின் முதல் திருப்பம் என்பேன். அழுகிய மரத்தில் ஒரு காளான் முளைத்திருக்கிறது என்பதால் மட்டும் அதுவே மரத்தைக் கொன்றது என்றாகிவிடாது. செத்த மரத்தைத் தின்ன வந்ததாகவும் இருக்கலாம். கனோடெர்மாவைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுத்து, நலமான செம்பனையில் செலுத்தி, நோய் உண்டாவதைக் காட்டினால்தான் குற்றம் உறுதியாகும். தாம்சனின் பதிவுக்கும் இந்த நிரூபணத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. 1964இல் நவரத்தினமே, முன்பு தென்னை நின்ற தோட்டங்களில் இந்நோய் பரவியிருந்ததைப் பற்றி எழுதினார். மறு ஆண்டு பி. டி. டர்னர், நோயின் அளவை முந்தைய பயிரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காட்டை அழித்தோ ரப்பரை அழித்தோ நட்ட இடங்களில் நோய் குறைவு. தென்னை நின்ற இடங்களில் மிக அதிகம். உயிருள்ள தென்னைக்கு மலாயாவில் பெரிய தீங்கு செய்யாத பூஞ்சை, வெட்டிப்போட்ட கட்டையில் பெருகி, அதைத் தொட்ட செம்பனை வேருக்குள் புகுந்துவிடுகிறது. மரத்தின் தோற்றத்தைக் காட்டிலும் நிலத்தின் பழைய கதையே நோயைத் தெளிவாகக் காட்டிற்று. அந்தக் கட்டைகளை வெட்டிச் சாய்த்தவர்களில் கணிசமானோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கட்டையில் காளான் முளைப்பதை முதலில் கண்டவர்களும் அவர்களாகவே இருந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு முரண் தெரியும். அங்கே கனோடெர்மா தென்னையையே கொல்கிறது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கவனத்துக்கு வந்து ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்று பெயர் பெற்றது அதுதான். அங்கு அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிவதைப் பார்த்தே விவசாயி நோயைச் சொல்லிவிடலாம்.

செம்பனையில் கண்ணை நம்பினால் நேரம் கடந்துவிடும். விரியாத குருத்துகள் இரண்டு மூன்று சேர்ந்து நிற்பதும், கீழ்மட்டைகள் ஒடிந்து பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்குவதும் அறிகுறிகள். ஆனால் அவை தெரியும்போது அடித்தண்டின் உட்பகுதியில் பாதியாவது அழுகியிருக்கும். ஆகவே 1980களிலிருந்து ஆய்வு, மரத்துக்குள் எட்டிப் பார்க்கும் வழிகளைத் தேடியது. அதற்கு முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். நெடுங்காலம் இப்பூஞ்சையை ஐரோப்பிய இனமான கனோடெர்மா லூசிடம் என்றே எழுதிவந்தார்கள். 1985இல் ஹோவும் நவாவியும், செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘பெர்த்தானிக்கா’ இதழில், தீபகற்ப மலேசியாவில் செம்பனையைத் தாக்குவது கனோடெர்மா போனினென்ஸ் என்று அடையாளம் காட்டினர். பின்னர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் இதில் பங்கேற்பதும் தெரியவந்தது. 1990களின் தொடக்கத்தில், இன்றைய மலேசியச் செம்பனை வாரியத்தின் முன்னோடியான பாங்கி ஆய்வுக் கழகத்தில், அரிஃபினும் இட்ரிசும் கனோடெர்மாவை மட்டும் வளரவிட்டு மற்றவற்றை அடக்கும் வளர்ப்பு ஊடகத்தை உருவாக்கினர். தண்டில் துளையிட்டு எடுத்த துகளை அதில் இட்டால் சில நாட்களில் விடை கிடைக்கும். எதிர்ப்புரதச் சோதனை, டிஎன்ஏ சோதனை, தண்டுக்குள் ஒலியலையைச் செலுத்தி அழுகலைப் படமாக்கும் கருவி எல்லாம் அடுத்தடுத்து வந்தன. பல்லாயிரம் மரங்கள் நிற்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றையும் துளைத்துப் பார்ப்பது யார் என்ற கேள்வியை மட்டும் இவை தீர்க்கவில்லை.

நோய் பரவாமலிருக்கப் பழைய கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் 1999இல் ஆட்டம் கண்டது. மில்லரும் உடன் ஆய்வாளர்களும் மரபணு வேறுபாட்டைப் பார்த்தபோது, அடுத்தடுத்த மரங்களில் இருந்தவை ஒரே பூஞ்சையின் தொடர்ச்சியாக இல்லை. வேர்த் தொடர்பு மட்டுமே பரவும் வழியாக இருந்தால் அப்படி அமையாது. காற்றில் பறக்கும் பூஞ்சை வித்துகளுக்கும் பங்கு உண்டு என்று கொள்ள வேண்டியதாயிற்று.

இன்று தேடலின் பெரும்பகுதி நாற்றுப்பண்ணைக்கு நகர்ந்துவிட்டது. ரப்பர் மரக்கட்டையில் கனோடெர்மாவை வளர்த்து, அதைச் செம்பனை நாற்றின் வேரோடு ஒட்டிவைத்து, எந்த வகை தாக்குப்பிடிக்கிறது என்று சில மாதங்கள் கவனிக்கிறார்கள். நிலத்தைச் செம்பனைக்கு விட்டுக்கொடுத்த ரப்பர் மரம் இங்கே பூஞ்சைக்கு உணவாகிறது. ஆனால் அவ்வளவு பூஞ்சையை வேரோடு அழுத்திவைக்கும் சோதனையும், வயலில் ஆண்டுக்கணக்கில் மெல்ல நுழையும் நோயும் ஒன்றல்ல. அதனால் நாற்றுப்பண்ணையில் தேறிய நாற்றுகளை நோயுள்ள நிலத்தில் நட்டு, மீண்டும் பல ஆண்டுகள் காத்திருந்துதான் அந்த முடிவைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.