செல்லப்பிராணிகளுக்கு வலிப்பு: அடையாளங்களும் நோய் கண்டறிதலும்

வலிப்பு என்பது மூளை நரம்பணுக்களில் திடீரென மிகுதியாக எழும் மின்தூண்டலின் வெளிப்பாடு. நாய்களிலும் பூனைகளிலும் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். மருத்துவமனையை அடைவதற்குள் விலங்கு இயல்பாக நடமாடத் தொடங்கியிருக்கும். எனவே கால்நடை மருத்துவர் வலிப்பை நேரில் காண்பது அரிது. நீங்கள் கண்டதைக் கொண்டே அவர் நோயைக் கணிக்க வேண்டியுள்ளது.

வலிப்புதானா?

உடல் முழுவதையும் தாக்கும் வலிப்பில் விலங்கு நினைவிழந்து பக்கவாட்டில் சாயும். கால்கள் முதலில் விறைத்து, பின்னர் நீந்துவதுபோல் துடிக்கும். வாயில் நுரை தள்ளலாம். தன்னையறியாமல் சிறுநீர் அல்லது மலம் வெளியேறலாம். சில வலிப்புகள் முகத்தின் ஒரு பக்கமோ ஒரு காலோ துடிப்பதோடு நின்றுவிடும்.

வலிப்பு அடங்கிய பின் தள்ளாட்டம், சுவரில் முட்டுதல், தற்காலிகப் பார்வைக் குறைவு, மிகுந்த பசி ஆகியவை சில நிமிடங்கள் முதல் பல மணி நேரம் வரை காணப்படலாம். இக்குழப்ப நிலையைக் கவனித்துச் சொல்வது மிகவும் பயன்படும். இதயக் கோளாறால் வரும் மயக்கம் பெரும்பாலும் ஓட்டத்தின்போதோ கிளர்ச்சியின்போதோ நேரும். உடல் துவண்டு விழும். விலங்கு விரைவில் எழுந்து வழக்கம்போல் இருக்கும். உட்காதுக் கோளாறில் தலை ஒருபுறம் சாய்ந்து, நினைவுடனேயே தடுமாறும்.

அந்த நேரத்தில்

கடிகாரத்தைப் பாருங்கள். ஒருவர் கைப்பேசியில் காணொளி எடுக்கட்டும். நீண்ட விளக்கத்தைவிட அரை நிமிடக் காணொளி மருத்துவருக்கு மேலானது. படிக்கட்டு, மேசை முனை போன்றவற்றில் மோதாமல் காத்திடுங்கள். வாயில் விரலை விடாதீர்கள். விலங்கு நாக்கை விழுங்கிவிடாது. அவ்வாறு நாக்கை இழுக்க முயன்றால் விரலில் கடிபட நேரிடலாம். இரும்புச் சாவி வைப்பதும் தண்ணீர் புகட்டுவதும் பயனற்றவை. தண்ணீர் நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.

வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தாலோ, 24 மணி நேரத்தில் இருமுறைக்கு மேல் வந்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் தொடங்கினாலோ அது அவசர நிலை. குட்டிகளுக்குப் பாலூட்டும் நாய்க்கு நடுக்கமும் விறைப்பும் கண்டால் சுண்ணாம்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், தாமதிக்கலாகாது.

காரணம் அறிதல்

வயது முதல் துப்பு. காரணம் புலப்படாத கால்-கை வலிப்பு நாய்களில் பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தொடங்கும். தடுப்பூசி போடாத குட்டிக்குக் காய்ச்சல், கண்-மூக்கு ஒழுக்கு ஆகியவற்றைத் தொடர்ந்து வலிப்பு வந்தால் டிஸ்டெம்பர் நோயை ஐயுற வேண்டும். வயது முதிர்ந்த பின் முதன்முறையாக வந்தால் மூளைக்கட்டி உள்ளிட்டவற்றை ஆராய வேண்டும். பூச்சிக்கொல்லி, எலிமருந்து, சாக்லேட், வீட்டிலுள்ள மாத்திரைகள் எதையேனும் தின்றிருக்க வாய்ப்புண்டு எனில் மறைக்காமல் கூறுங்கள். உறையையும் எடுத்துச் செல்லுங்கள்.

நரம்பியல் பரிசோதனையுடன் இரத்தச் சர்க்கரை, சுண்ணாம்புச்சத்து, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை பார்க்கப்படும். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., தண்டுவட நீர்ப் பரிசோதனை செய்யப்படும். இவை அனைத்தும் இயல்பாக இருப்பதும் ஒரு முடிவே: அப்போதுதான் கால்-கை வலிப்பு என்று உறுதி செய்ய இயலும். மருந்து தொடங்கிய பின் அதனைத் திடீரென நிறுத்தினால் கடும் வலிப்பு வரக்கூடும்.

வெறிநோய் ஐயம் இருந்தால்

தடுப்பூசி விவரம் தெரியாத விலங்கு குணம் மாறி, எச்சில் வடித்து, விழுங்க இயலாமல், வலிப்புடன் காணப்பட்டால் அதனைத் தொடாதீர்கள். கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். உயிருள்ள விலங்கில் வெறிநோயை ஐயமற உறுதி செய்ய இயலாது. இறந்தபின் மூளைத் திசுவைப் பரிசோதித்தே உறுதி செய்யப்படுகிறது. ஆகவே கடியோ கீறலோ பட்டிருந்தால், அல்லது புண்ணிலோ கண், வாய் ஆகியவற்றிலோ எச்சில் பட்டிருந்தால், முடிவுக்குக் காத்திராதீர்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ சென்று தடுப்பூசியைத் தொடங்குங்கள்.