மண்போர்த்த குப்பை

நகரத்துக் குப்பையைத் திறந்த வெளியிற் கொட்டுவதும் எரிப்பதுமே பல ஊர்களின் வழக்கமாயிருந்த காலம் ஒன்றிருந்தது. 1937ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலுள்ள பிரெஸ்னோ நகரின் பொதுப்பணி ஆணையாளர் ஜீன் வின்சென்ஸ் வேறொரு வழியைக் கைக்கொண்டார். நீண்ட அகழிகளை வெட்டுவித்து, அவற்றிற் குப்பையை இட்டு, இயந்திரத்தால் அழுத்தி, அன்றன்றே மண்ணால் மூடச்செய்தார். வெட்டியெடுத்த மண்ணே போர்வையாயிற்று! எலியும் ஈயும் நாற்றமும் தணிந்தன. சிக்கனமும் சுகாதாரமும் ஒருங்கே வாய்த்த இம்முறையைப் பிற நகரங்களும் பின்பற்றலாயின.

ஆயின், மேலே போர்வையிட்டவர்கள் கீழே விரிப்பு இடவில்லை. அக்கால வழக்கில் அதற்கு இடமில்லை. வின்சென்ஸைக் குறைகூறுதல் முறையன்று. குடிப்பதற்கு நிலத்தடி நீரையே நம்பியிருந்த நகரம் அது. 1987இல் அந்நிலம் மூடப்பட்டபோது, கசிந்த இரசாயனங்கள் அந்நீரிற் கலந்திருந்தன. மெதேன் வாயு எல்லை கடந்து பரவியிருந்தது. 1989இல் சமஷ்டி அரசாங்கம், முதன்மையாகத் தூய்மை செய்யவேண்டிய நச்சிடங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. அதே அரசாங்கம் 2001இல் அதனைத் தேசிய வரலாற்றுச் சின்னமெனவும் அறிவித்தது. நச்சிடம் என்பது நினைவுக்கு வரவே, மறுநாளே தயங்கிற்று. எனினும் அப்பெயர் சின்னங்களின் வரிசையில் இன்றும் இருக்கின்றது.