சாதியைப் பார்க்கக் கற்ற கண்: நாஞ்சில் நாடும் கற்கும் எந்திரங்களும்

கைப்பேசியில் நம் முகத்தை அடையாளம் காணும் மென்பொருள், கேட்ட கேள்விக்குத் தமிழில் பதில் எழுதும் செயலி, வேலைக்கு வந்த ஆயிரம் விண்ணப்பங்களில் ஐம்பதை மட்டும் பொறுக்கி எடுக்கும் கணினி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மனித மூளை எப்படிப் பார்க்கிறது, எப்படிக் கற்கிறது என்பதைக் கணக்காக எழுதிப் பார்த்த முயற்சியிலிருந்து பிறந்தவை. “எந்திரத்துக்குச் சாதி தெரியாது, அதனால் அது நியாயமாக நடந்துகொள்ளும்” என்று நம்மிடம் சொல்கிறார்கள். கல்லூரிகளில் படிக்கும் நம் தோழர்கள் சிலரும் இதை நம்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை சரிதானா என்று பார்க்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டின் வரலாறே போதும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்க்கும்படி மக்கள் அனைவரையும் பழக்கிய ஓர் அரசு இங்கே இருந்தது. அந்தப் பழக்கத்தை உடைத்த மக்களும் இங்கேதான் இருந்தார்கள்.

மூளையைக் கணக்காக்கிய கதை

1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூளையின் நரம்பணு ஒவ்வொன்றையும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லக்கூடிய சிறு கணக்குப்பொறியாகக் கருதலாம் என்பது அவர்கள் வாதம். 1949-இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் அடுத்த படியை வைத்தார். ஒரு நரம்பணு மற்றொன்றைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் இரண்டுக்கும் இடையிலான பிணைப்பு வலுப்படும் என்றார். திரும்பத் திரும்பச் சேர்ந்து வருகிறவற்றை மூளை சேர்த்துக் கட்டிவிடுகிறது என்று இதை எளிமையாகச் சொல்லலாம்.

1958-இல் பிராங்க் ரோசன்பிளாட் இந்தக் கருத்தைச் செய்துகாட்டினார். அமெரிக்கக் கடற்படையின் பணத்தில் உருவான அந்த மாதிரிக்கு ‘பெர்செப்ட்ரான்’ என்று பெயர். முதல் செய்முறையில் இடப்பக்கம் குறியிட்ட அட்டைகளையும் வலப்பக்கம் குறியிட்ட அட்டைகளையும் ஒரு கணினிக்குக் காட்டினார்கள். சுமார் ஐம்பது முறை முயன்ற பிறகு அது இரண்டையும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டது. பின்னால் கட்டிய எந்திரத்துக்கு 400 ஒளியுணரிகள் கண்ணாக இருந்தன.

அது கற்ற விதத்தை நாம் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் ஒவ்வொரு செய்திக்கும் எந்திரம் ஓர் எடை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் எடை போட்டுக் கூட்டி, ஓர் அளவைத் தாண்டினால் ‘இது முதல் வகை’ என்கிறது. தாண்டாவிட்டால் ‘இரண்டாம் வகை’ என்கிறது. சொன்னது தவறு என்று ஆசிரியர் சொன்னால் எடைகளைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. சரி என்றால் அப்படியே விட்டுவிடுகிறது. முதல் வகை எது, இரண்டாம் வகை எது என்று முத்திரை குத்துவது ஆசிரியரின் வேலை. அந்த முத்திரை சரியா என்று கேட்க எந்திரத்துக்கு வழியே கிடையாது.

ஓர் அரசு ஆசிரியரானபோது

இப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு வருவோம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற இன்றைய குமரி மாவட்டப் பகுதிகள் 1949 வரை அந்தச் சமஸ்தானத்தில் இருந்தன; பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைந்தன.

அந்தச் சமஸ்தானத்தில் தீண்டாமையோடு அண்டாமையும் இருந்தது. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடி, புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் சொல்கின்றன. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 96 காலடிக்கு அப்பால் வயல் வரப்பில் வருகிறவர் யார் என்று எப்படித் தெரியும்? தோல் நிறம் சொல்லாது, முகமும் சொல்லாது. மண்ணில் உழைக்கிற எல்லா உடம்பும் ஒரே வெயிலில் கறுத்த உடம்புதான்.

அதனால் அடையாளங்களை அரசும் ஆதிக்கச் சாதிகளும் செய்து கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. கண்ணுக்கு எட்டாத இருட்டிலும் வளைவிலும் காதுக்குத் தெரிய வேண்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பேச்சிலும் முத்திரை இருந்தது. புலையர் தம்மை ‘நான்’ என்று சொல்லாமல் ‘அடியன்’ என்று சொல்ல வேண்டியிருந்தது, தம் சோற்றைச் சோறு என்று சொல்ல முடியாமல் ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டியிருந்தது என்று மிஷனரி சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

சாதி இயற்கையானது என்றால் இத்தனை விதிகள் எதற்கு? காக்கையையும் கொக்கையும் பிரித்தறிய எந்த அரசும் ஆணை போட்டதில்லை. பார்த்தால் தெரியாது என்பதால்தான் பார்க்கும்போதெல்லாம் தெரியும்படி செய்தார்கள். ஹெப் சொன்ன பிணைப்பு இங்கே ஒவ்வொரு நாளும் வலுப்பட்டது. திறந்த தோள், குனிந்த முதுகு, ‘அடியன்’ என்ற சொல், தள்ளி நிற்கும் உருவம் ஆகியவை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே வந்தன. அதைப் பார்த்து வளர்ந்த குழந்தை, சாதியைத் தன் கண்ணாலேயே கண்டுவிட்டதாக நம்பியது.

கோட்டை அழிக்க விடாத அறிவிப்பு

தோள்சீலைப் போராட்டத்தை இந்தக் கோணத்தில் மறுபடி படியுங்கள். 1822 முதல் 1859 வரை மூன்று கட்டமாக நடந்த போராட்டம் அது. நாடார் பெண்கள், முதலில் கிறிஸ்தவம் தழுவியவர்கள், தோளை மறைத்தார்கள். ஆதிக்கச் சாதியினர் சந்தையிலும் வழியிலும் அந்தச் சீலையைக் கிழித்தார்கள். பள்ளிகளும் வழிபாட்டு இடங்களும் கொளுத்தப்பட்டன. ஒரு முழத் துணிக்காகவா இத்தனை வெறி என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. துணி மாறினால் யார் யார் என்று தெரியாமல் போகும் என்ற பயம் அதில் இருந்தது.

1859 ஜூலையில், சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்துக்குப் பிறகு, மன்னரின் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. மானத்துக்கு இடம் கொடுத்தார்கள். சாதிக்கும் சாதிக்கும் நடுவே போட்ட கோட்டை மட்டும் அழிக்க விடவில்லை. பெர்செப்ட்ரானும் இரண்டு வகைக்கு நடுவே ஒரு கோடு போட்டால்தான் வேலை செய்யும். அப்படிக் கோடு போட்டுப் பிரிக்க முடியாததை அதனால் கற்கவே முடியாது என்று 1969-இல் மின்ஸ்கி, பேப்பர்ட் என்ற இருவர் கணித வழியில் காட்டினார்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த அறிவிப்பு பேசியது நாடார் பெண்களைப் பற்றி. சாம்பவர், புலையர் பெண்களைப் பற்றி அல்ல. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல்தான். விடுதலையின் வரலாற்றிலும் யார் முதலில் எண்ணப்படுகிறார்கள், யார் கடைசியில் எண்ணப்படுகிறார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பழகியது என்பது மன்னிப்பாகாது

“அப்படிப் பழக்கப்பட்டுவிட்டார்கள், அவர்கள் என்ன செய்வார்கள்?” என்று இந்தக் கதையைக் கேட்ட ஒருவர் சொல்லக்கூடும். நாம் இதை ஏற்க முடியாது. அண்ணல் அம்பேத்கர் சாதியை மனத்தின் ஒரு நிலை என்று விளக்கினார். ஆனால் அந்த மனநிலைக்குக் கீழே நிலம் இருந்தது, கூலியில்லா ஊழியம் இருந்தது, தலைவரி இருந்தது. பார்வையைப் பழக்கியவர்களுக்கு அந்தப் பார்வையால் அறுவடை கிடைத்தது. எந்திரத்துக்கு முத்திரையைக் கேள்வி கேட்கத் தெரியாது. மனிதர்களுக்குத் தெரியும். கேட்டவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள்.

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்ற சாம்பவர் தஞ்சாவூர் வரை போய், கிறிஸ்தவம் தழுவி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பினார். அவர் அழைப்பால் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதையொட்டி இந்தப் பகுதியில் பள்ளிகள் பரவின. இவ்வட்டாரத்தின் நவீனக் கல்வி வரலாறு ஒரு சாம்பவரின் நடைப்பயணத்தில் தொடங்குகிறது. பாடநூல்களில் மிஷனரியின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரிவதில்லை.

சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் வேறொரு வழியைக் கண்டார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வந்தார்கள். எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்தார்கள். வழிபடும் இடத்தில் கண்ணாடி வைக்கப்பட்டது. குனிந்து நிற்கப் பழகியவர் தலைப்பாகையோடு தம் உருவத்தையே நேராகப் பார்த்தார். ஆதிக்கச் சாதியின் கண்ணைத் திருத்தக் காத்திருக்காமல், ஒடுக்கப்பட்டவர் தம்மைப் பார்க்கும் கண்ணை முதலில் திருத்திக்கொண்ட வழி இது.

1915-இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்று, புலையர் பெண்கள் சாதி அடையாளமாகச் சுமந்த கல்மாலைகளை அறுத்து எறிந்தார்கள். 1926-இல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இவை ஒவ்வொன்றும் பழைய முத்திரைகளில் ஒன்றைக் கிழித்தெறிந்த நிகழ்வுகள்.

முத்திரை மூளைக்குள் என்ன செய்கிறது

முத்திரை பார்ப்பவரின் கண்ணோடு நிற்பதில்லை, சுமப்பவரின் உள்ளும் வேலை செய்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப்பிரதேச கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேரிடம் செய்த சோதனை 2006-இல் வெளிவந்தது. பாதிப் பேர் உயர்சாதி, பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. வழிகண்டுபிடிக்கும் புதிர்களைத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியை அறிவிக்காதபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவு தீர்த்தார்கள். எல்லார் முன்னும் சாதியைச் சொல்லிவிட்டு அதே புதிரைக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. அறிவு அதேதான், புதிரும் அதேதான். வகுப்பில் ஆசிரியர் “ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திருங்க” என்று சொல்லும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இன்றைய எந்திரங்கள் என்ன கற்கின்றன

பல அடுக்கு நரம்பணு மாதிரிகளைப் பழக்கும் வழியை ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகியோர் 1986-இல் பரவலாக்கினார்கள். ஒற்றைக் கோட்டின் எல்லையை அது தாண்டியது. 2024-இல் ஹின்டனுக்கும் ஹாப்ஃபீல்டுக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆனால் அடிப்படை மாறவில்லை. நாம் கொடுப்பதிலிருந்துதான் அவையும் கற்கின்றன.

2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோரின் ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அதே ஆண்டு, அமேசான் நிறுவனம் பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கிய ஆள்தேர்வு மென்பொருள் பெண்களைப் பின்தள்ளியதும், அதனால் அது கைவிடப்பட்டதும் செய்தியாயின. 2023-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களின் ஆய்வில், சோதித்த மொழி மாதிரிகளில் பெரும்பாலானவை சாதி, மதம் பற்றிய இழிவான வார்ப்புகளைத் திருப்பிச் சொல்லின.

“சாதிக் கட்டத்தை எடுத்துவிட்டால் போதுமே” என்பார்கள். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என்ன கேட்கிறார்கள்? சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம், குலசாமி எது, எந்தச் சபை. நான்கு கேள்வியில் விடை கிடைத்துவிடுகிறது. எந்திரத்துக்கு நாலாயிரம் செய்திகள் கிடைக்கின்றன: அஞ்சல் எண், படித்த பள்ளி, அப்பாவின் தொழில், எழுதும் நடை. கட்டத்தை நீக்கினாலும் கோடு அங்கேயே இருக்கும். யாரும் போடச் சொல்லவில்லை என்பதால் யாரும் பொறுப்பேற்கவும் மாட்டார்கள். 1859-இல் கையெழுத்திட ஒரு மன்னராவது இருந்தார்.

தோழர்களே, கணினி அறிவியலும் புள்ளியியலும் நமக்கு அந்நியமான பாடங்கள் அல்ல. வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போனதுபோல நாமும் அந்த வகுப்பறைகளுக்குள் போக வேண்டும். ஒரு மென்பொருள் நம் மாணவரின் உதவித்தொகையையோ வேலையையோ, காவல் நிலையத்தில் அவர் முகத்தையோ தீர்மானிக்கிறது என்றால், அது யாரைப் பார்த்துக் கற்றது, முத்திரை குத்தியது யார், தவறினால் விலை கொடுப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கிடைக்கும் பதிலை ஊருக்குச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அதையும் சொல்லுங்கள்.